பெருநகரமும் நம் பதிவேட்டின் ஓரமும்

சென்ற நூற்றாண்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் இரண்டு உலகப் போர்களையும், பேரரசுகளின் வீழ்ச்சியையும், மனிதன் சந்திரனில் கால் பதித்த விந்தையையும் விரித்துரைப்பது வழக்கம். அவற்றுக்கு எவ்விதத்திலும் குறையாத மற்றொரு மாற்றமும் அதே நூற்றாண்டில் ஆரவாரமின்றி நடந்தேறியது. மனுக்குலம் தான் பிறந்த ஊரை விட்டு நகரத்திற்குக் குடிபெயர்ந்தது என்பதே அது.

1900-ம் ஆண்டில் உலகின் மிகப் பெரிய நகரம் லண்டன். சுற்றுப்புறங்களையும் சேர்த்து அதன் மக்கள் ஏறக்குறைய 65 லட்சம். ஒரு கோடி மக்கள் ஒரே நகரில் வாழ்வர் என்று அன்று எவரேனும் கூறியிருந்தால் கேட்டோர் நகைத்திருப்பர். ஆயினும் 1950-ல் நியூயார்க், டோக்கியோ ஆகிய இரண்டும் அவ்வெல்லையைத் தாண்டிவிட்டன. 1990-ல் அத்தகைய நகரங்கள் 10. 2018-ல் 33 என்பது ஐக்கிய நாடுகள் சபையின் கணக்கு. 2007-ம் ஆண்டையொட்டி உலக மக்களில் பாதிப்பேர் நகரவாசிகளாயினர். ஆதாம் ஏவாள் காலந்தொட்டு மனிதன் பெரும்பாலும் நாட்டுப்புறத்தானாகவே இருந்து வந்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், இஃது எத்துணைப் பெரிய புரட்சி என்பது புலனாகும்.

"லண்டனும் டோக்கியோவும் எப்படி வளர்ந்தால் நமக்கென்ன? வலையும் தோணியும் உப்பளமுமாய் வாழும் நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என்று வாசகர்கள் வினவலாம். தொடர்பு உண்டு, மிக நெருங்கிய தொடர்பே உண்டு. 1901-ல் எடுக்கப்பட்ட குடிக்கணக்கின்படி நம் தூத்துக்குடியில் இருந்தோர் 28 ஆயிரம் பேர். அதே காலத்தில் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள லாகோஸ் என்னும் துறைமுகப் பட்டினத்தில் ஏறக்குறைய 40 ஆயிரம் பேரே இருந்தனர். இரண்டும் கடலை நம்பிய ஊர்கள். ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட துறைமுகங்கள். ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி என்று சொல்லத் தக்கவை. நூறாண்டு கழிந்ததும் லாகோஸின் மக்கள் தொகை 70 லட்சத்தைத் தாண்டியது. தூத்துக்குடியோ 2011-ம் ஆண்டுக் கணக்கில் 2 லட்சத்து 37 ஆயிரத்தையே எட்டியிருந்தது.

இதைக் கண்டு, நாம் பின்தங்கி விட்டோம் என்று வருந்துவோர் உளர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. நம் கடற்கரையும் அந்த நூற்றாண்டின் பெருநகர வளர்ச்சியில் முழுப்பங்கு கொண்டது. ஆனால் தன் மண்ணில் அன்று. நம் மக்கள் கொழும்பையும் பம்பாயையும் சென்னையையும் வளர்த்தனர். வெளியூர்க் கணக்கில் எழுதப்பட்ட வளர்ச்சி அது. அதற்கு நாம் கொடுத்த விலை என்ன, இன்று நமக்குள்ள கடமை என்ன என்பதைக் குறித்தே இவ்வரிகளை எழுத முனைந்தோம்.

முதலில், நகரங்கள் ஏன் இவ்வாறு பருத்தன என்பதைச் சற்று நோக்குவோம். முற்காலத்தில் பெருநகரம் என்பது பிறப்பை விட இறப்பு மிகுந்த இடம். கொள்ளை நோய்க்கு இரையானோரின் இடத்தை நிரப்ப நாட்டுப்புறத்திலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தால்தான் நகரம் நிலைக்கும். 1854-ல் லண்டன் நகரில் காலரா பரவியபோது, அந்நோய் தண்ணீர் வழியே பரவுவதை ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் எடுத்துக் காட்டினார். அதன்பின் பாதாளச் சாக்கடைகளும் சுத்திகரித்த குடிநீரும் வந்தன. நகரத்தில் பிறந்த குழந்தை நகரத்திலேயே வளர்ந்து பெரியவனாகும் காலம் பிறந்தது. பம்பாயில் 1896-ல் தோன்றிய பிளேக் நோய்க்கு அஞ்சி லட்சக்கணக்கானோர் நகரை விட்டு ஓடினர் என்பதையும், அதே நகரம் 2001-ல் ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் மக்களைத் தாங்கி நின்றது என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்க.

நோய் தணிந்ததோடு இருப்புப் பாதையும் நீராவிக் கப்பலும் சேர்ந்தன. பஞ்சாலைகளும் துறைமுகங்களும் ஆட்களைத் தேடின. மின்சாரமும் மின்தூக்கியும் மாடிமேல் மாடி எழுப்பத் துணை செய்தன. மறுபுறம் நாட்டுப்புறத்தில் மழை பொய்த்தது. நிலம் பங்கு பிரிந்து பிரிந்து கையகலமாயிற்று. கடன்காரன் வாசலில் நின்றான். நகரத்தின் விளக்கு மட்டும் ஒருவனை ஊரை விட்டு இழுப்பதில்லை. ஊரின் இருட்டும் அவனைப் பின்னின்று தள்ளுகிறது. குடிபெயர்ந்தவனைப் பேராசைக்காரன் என்று பழிப்போர் இதனை நினைவிற் கொள்வது நன்று.

நம் தூத்துக்குடியின் வளர்ச்சியும் இவ்வழியே வந்ததுதான். 1866-ல் நகராட்சி ஏற்பட்டது. 1870-களில் இருப்புப் பாதை வந்து சேர்ந்தது. கரிசல் காட்டுப் பஞ்சு மூட்டைகள் கடற்கரையில் குவிந்தன, பஞ்சாலை எழுந்தது. அவ்வாலையின் தொழிலாளர் 1908-ல் கூலி உயர்வும் ஓய்வும் கேட்டு வேலை நிறுத்தம் செய்தபோது, வ. உ. சிதம்பரனார் அவர்களுக்குத் தலைமை தாங்கினார் என்பதை நாடறியும். ஆயினும் குடிக்கத் தண்ணீரில்லாத ஊர் எப்படி நகரமாகும்? 1920-களின் இறுதியில் தாமிரபரணியின் நீரை வல்லநாட்டிலிருந்து குழாய் வழியே கொண்டு வந்து சேர்த்தவர் நகராட்சித் தலைவராயிருந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து. அந்நீர் வந்த பின்னரே தூத்துக்குடி தாகம் தீர்ந்து தலை நிமிர்ந்தது. நீரளித்த அக்கத்தோலிக்கரின் சிலையை இன்றும் நகரின் நடுவே காணலாம்.

நகரம் மனிதரை மட்டுமன்று, சுற்றியுள்ள இயற்கையையும் உண்டு வளர்கிறது. நம் கடலிலுள்ள தீவுகளைச் சுற்றி வளர்ந்த முருகைக்கற்களைப் பல தலைமுறைகளாகத் தோணிகளில் வெட்டி வந்து வீடு கட்டினோம், சுண்ணாம்பு சுட்டோம், ஆலைகளுக்கும் அனுப்பினோம். விளைவு என்ன? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு கடலுள் மறைந்தன. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு தேய்ந்து சிறுத்தது. அலையைத் தடுத்து நின்ற அரணையே பெயர்த்துச் சுவராக்கினோம் என்பதைச் சட்டம் வந்து தடுத்த பின்னரே பலரும் உணர்ந்தனர்.

பெருநகரத்தின் ஏற்றமும் இறக்கமும் நம் கரைக்குப் புதியனவும் அல்ல. பாண்டியர் காலத்தில் முத்துக்குப் பெயர் பெற்ற கொற்கை, கிரேக்கரும் ரோமரும் அறிந்திருந்த துறைமுகம். தாமிரபரணி கொணர்ந்த மண் அதன் முகத்துவாரத்தைத் தூர்த்தது, கடல் விலகிற்று. இன்று கடலோசை கேளாத் தொலைவில், வயல்களுக்கிடையே, அமைதியான ஒரு சிற்றூராகக் கொற்கை இருக்கிறது. அடுத்துத் தழைத்தது காயல். 13-ம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு வியந்த பட்டினம் அது. அதனையும் மண் மூடியது. பின்னர் புன்னைக்காயல், அதன் பின் தூத்துக்குடி. ஒவ்வொரு நகரமும் தான் நிலைத்து நிற்கும் என்றே எண்ணியது.

இவையாவது நூற்றாண்டுகள் வாழ்ந்த நகரங்கள். சில வாரங்களே வாழ்ந்த நகரமும் உண்டு. முத்துக் குளிப்பு நடைபெறும் காலங்களில் வெறுங்கரையில் ஒரு நகரம் முளைக்கும். இலங்கையின் மரிச்சுக்கட்டிக் கரையில் 1905-ல் நடந்த பெருங்குளிப்பின்போது பல்லாயிரவர் கூடினர். நம் கரையின் பரதவரும், கீழக்கரை முஸ்லிம்களும், அரபு நாட்டினரும் குளியாட்களாய்ச் சென்றனர். நீதிமன்றம், மருத்துவமனை, அஞ்சலகம், சிறைச்சாலை யாவும் ஓலைக் கூரையின் கீழ் எழுந்தன. குளிப்பு முடிந்ததும் அந்நகரம் கலைந்தது. எஞ்சியவை சிப்பிக் குவியலும் நாற்றமுமே. அடுத்த ஆண்டே லண்டனில் அமைந்த ஒரு கம்பெனி அப்பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907-க்குப் பின் அள்ளுவதற்குச் சிப்பியில்லை. குத்தகைக் காலம் முடியுமுன்னே கம்பெனி கலைந்தது. உலகின் மிகப் பெரிய நகரத்தின் கை நம் கடலடி வரை நீண்டதையும், வெறுங்கையாய்த் திரும்பியதையும் இதில் காண்கிறோம். நம் கரையிலும் 1961-ம் ஆண்டுடன் முத்துக் குளிப்பு நின்று போயிற்று.

முத்தும் மீனும் கைவிட்ட காலங்களில் நம் மக்கள் எங்கே சென்றனர்? இதற்கு விடையளிக்கும் ஒரு நூல் ஒவ்வொரு பங்கிலும் இருக்கிறது. அது ஞானஸ்நானப் பதிவேடு. பிறந்த நாள், ஞானஸ்நானம் பெற்ற நாள், பெற்றோர், ஞானப் பெற்றோர் என்று கட்டங்கட்டமாக எழுதி, ஓரத்தில் சிறிது இடம் விட்டிருப்பர். ஒருவர் எங்கு சென்று மெய்விவாகம் செய்துகொண்டாலும், அச்செய்தியை அவ்வூர்ப் பங்குக் குரு, மணமக்கள் ஞானஸ்நானம் பெற்ற பங்கிற்கு எழுதியனுப்ப வேண்டும். அது இவ்வோரத்தில் குறிக்கப்பட வேண்டும். 1908-ல் நடைமுறைக்கு வந்த இவ்விதி இன்றும் திருச்சபைச் சட்டத்தில் உள்ளது. குருப்பட்டமும், துறவற வார்த்தைப்பாடும் அவ்வாறே குறிக்கப்படும்.

நாம் பணியாற்றிய கடற்கரைப் பங்கு ஒன்றில், செல்லரித்த பழைய ஏடுகளைப் புது ஏட்டில் பெயர்த்தெழுதும் பணி சில மாதங்கள் நடைபெற்றது. அப்போது ஓரக் குறிப்புகளை வரிசையாய்ப் படிக்க நேர்ந்தது. முதலில் எங்கும் கொழும்பு. அங்குள்ள பல கோவில்களின் பெயர்கள். கொழும்புத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் 1885-ல் முற்றுப்பெற்ற பின் அந்நகரம் கிழக்கிற்கும் மேற்கிற்கும் நடுவே பெரிய கப்பல் நிலையமாயிற்று. தூத்துக்குடித் தோணிகள் அரிசி, மிளகாய், துணி, கருவாடு எனச் சுமந்து சென்றன. சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் கம்பெனி 1906-ல் தோன்றியதும் இவ்வழியின் வருமானத்தை அந்நியரிடமிருந்து மீட்பதற்கே. வணிகராயும் கணக்கராயும் கடைச் சிப்பந்திகளாயும் நம் மக்கள் அங்குக் குடியேறினர். கொழும்புப் பணம் நம் ஊர்களில் மாடி வீடுகளாயும் கோவில் கோபுரங்களாயும் எழுந்தது. பின்னர் குடியுரிமைச் சிக்கல்களும், 1983-ம் ஆண்டின் கொடிய கலவரமும் அவ்வழியை அடைத்தன. அம்மாடி வீடுகளில் சில இன்று திருவிழாவுக்கு மட்டும் திறக்கப்படுவதைக் கண்டிருக்கிறோம்.

ஏட்டின் பக்கங்களைப் புரட்டப் புரட்ட, கொழும்பு குறைந்து பம்பாய் மிகுகிறது, சென்னை தொடர்கிறது. இன்னும் புரட்டினால் வளைகுடா நாட்டு நகரங்கள். நிலநூல் படிப்போர் வரைபடத்தில் காண்பதை நாம் ஒரு பதிவேட்டின் ஓரத்தில் கண்டோம். ஒவ்வொரு பெருநகரமும் வளர்ந்த காலம் எதுவோ, அக்காலத்தில் அதன் பெயர் நம் ஓரத்திலும் எழுதப்பட்டிருந்தது.

ஆனால் நம் கண்ணை மறித்து நிறுத்தியவை எழுத்துகள் அல்ல, எதுவும் எழுதப்படாத ஓரங்களே. சிலர் இளமையில் இறந்தோர். சிலர் மணம் முடிக்காமலே வாழ்ந்தோர். எஞ்சியோர் போன இடம் தெரியாதோர்.

அவர்களில் ஒருவருடைய தாயை நாம் அறிவோம். மகன் 1970-களில் பம்பாய்ப் பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். மாதந்தோறும் மணியார்டரும் இரண்டு வரிக் கடிதமும் வந்தன. 1982 ஜனவரியில் பம்பாய் ஆலைத் தொழிலாளர் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் வேலை நிறுத்தத்தில் இறங்கினர். அது முறையாக முடிவுற்றதென்று சொல்வதற்கில்லை. பல ஆலைகள் பிறகு திறக்கப்படவேயில்லை. அந்த ஆண்டோடு மணியார்டர் நின்றது, கடிதமும் நின்றது. நாம் அப்பங்கிற்குச் சென்றபோது அம்மூதாட்டிக்கு வயது எண்பதை நெருங்கியிருந்தது. "சாமி, பம்பாய்ச் சாமிமாருக்கு ஒரு கடுதாசி போடுங்க" என்பதே அவர் எம்மிடம் வைத்த முதல் விண்ணப்பம்.

எழுதினோம். அங்குள்ள குரு ஒருவர் அருமையாய் முயன்று, பழைய முகவரிக்கு நேரிலே சென்று விசாரித்துப் பதில் விடுத்தார். அவ்வறையில் இப்போது வேறொரு குடும்பம் இருக்கிறது. அடுத்த அறையின் முதியவர் ஒருவருக்கு அப்படி ஒருவர் இருந்தது நினைவிருக்கிறது. நல்ல மனிதர், மாலையில் வராந்தாவில் அமர்ந்து ஜெபமாலை சொல்வார். பெயர் தெரியாது. எல்லாரும் "மதராஸி" என்றே கூப்பிடுவார்களாம்.

நவம்பர் மாதத்தில் மரித்தோர் ஆன்மாக்களுக்காகப் பெயர்ப் பட்டியல் கொடுப்பது நம் வழக்கமன்றோ? அம்மூதாட்டியும் தம் கணவர், பெற்றோர் பெயர்களைக் கொடுத்தார். மகனின் பெயரையும் சேர்க்கலாமா என்று உபதேசியார் மெல்லக் கேட்டபோது, "அவன் பேரை மரிச்சவங்க கணக்கிலே சேத்திராதீங்க சாமி, உசுரோட இருக்கவங்களுக்கு வேண்டும்போது வாசிங்க" என்று எம்மை நோக்கிக் கைகூப்பினார். அவர் வாழ்ந்த நாள் வரை அவ்வாறே வாசித்தோம். அவர் கல்லறைக்குச் சென்ற பின்னும் அப்படியே வாசித்து வந்தோம்.

அன்பர்களே, மும்பையில் எத்தனை பேர் உளர் என்று கேட்டால் அரசினர் எண்ணிச் சொல்வர். அவர்களுள் ஒருவர் பெயரென்ன என்று கேட்டால் அடுத்த அறைக்காரரும் சொல்ல இயலவில்லை. பெருநகரத்தின் துன்பங்களில் நெரிசலும் புழுதியும் வாடகையும் பெரியனவே. தாராவியில் நம் நெல்லை, தூத்துக்குடிச் சீமையிலிருந்து சென்றோர், இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த இடத்தில் லட்சக்கணக்கானோரோடு நெருக்கியடித்து வாழ்ந்து வருவதை அறிவோம். ஆனால் நெரிசலைச் சகித்து மக்களை ஆளாக்கியோர் பலர். பெயர் அழிந்து போவதைச் சகிப்பதுதான் அரிது.

திருச்சபை இதனை உணராமலில்லை. பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1971-ல் விடுத்த 'ஒக்தோஜெசிமா அத்வேனியென்ஸ்' என்னும் திருமடலில் நகரங்களின் அளவிறந்த வளர்ச்சிக்கெனத் தனிப் பகுதியே ஒதுக்கினார். முகமறியாக் கூட்டத்தின் நடுவே மனிதன் அனுபவிக்கும் புதுவிதத் தனிமையை அதில் எடுத்துரைத்தார். 2013-ல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் ஊக்கவுரையில், நகரத்தை வெறும் பாவக் கிடங்காய்ப் பார்க்கலாகாது, அதன் வீடுகளிலும் தெருக்களிலும் இறைவன் ஏற்கெனவே குடியிருக்கிறார் என்னும் கருத்தை வலியுறுத்தினார். வேதாகமமும் இரண்டையும் காட்டுகிறது. பாபேல் கோபுரம் கட்டியோரும் நகரத்தார். புது ஜெருசலேமும் நகரமே. யோனா வெறுத்த நினிவே மாநகரில் இலட்சத்துக்கு மேற்பட்ட பேதை மக்கள் இருப்பதை எண்ணி இரங்கியவர் ஆண்டவர். அரசன் கட்டளையால் மக்களை எண்ணும் கணக்கு நடந்தபோதுதான் சூசையப்பரும் தேவதாயும் பெத்லகேம் சென்றனர். எண்ணிக்கையில் அவர்களுக்கு இடமிருந்தது, சத்திரத்தில்தான் இடமில்லை.

இதுவரை நகரம் நம்மவரை எவ்வாறு நடத்தியது என்று பேசினோம். இனி நாம் பேச வேண்டியது வேறு. 1974-ல் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது முதல் தூத்துக்குடியின் நிலை மாறிவிட்டது. உர ஆலை, அனல் மின் நிலையம் எனத் தொழில்கள் பெருகின. 2008-ல், பனிமய மாதா திருநாளாகிய ஆகஸ்டு 5-ம் நாளில், ஊர் மாநகராட்சி ஆயிற்று. முன்பு நம் பிள்ளைகள் வேலை தேடிப் பிற நகரங்களுக்குச் சென்றனர், இன்றும் செல்கின்றனர். ஆனால் இப்போது பிற நாட்டுப்புறங்களின் பிள்ளைகள் நம்மைத் தேடி வருகின்றனர். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்கள் கட்டட வேலையிலும், மீன் பதனிடும் கூடங்களிலும், சரக்கேற்றும் இடங்களிலும் உழைக்கின்றனர். கொழும்பும் பம்பாயும் நமக்கு எதுவோ, அதுவாக நாம் பிறர்க்கு ஆகிவிட்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஞாயிறு முதற் பூசைக்கு மூன்று இளைஞர்கள் வரத் தொடங்கினர். கோவிலின் கடைசியில், வாசற்படியருகே நிற்பர். நற்கருணை வாங்குவர், பூசை முடிந்ததும் எவரோடும் பேசாமல் மறைந்து விடுவர். அவர்கள் யாரென்று கேட்டோம். "அந்த இந்திக்காரப் பையன்களா சாமி? கட்டட வேலைக்கு வந்தவங்க" என்றனர் நம் மக்கள். பெயர் கேட்டோம். எவருக்கும் தெரியவில்லை.

மறுவாரம் வாசலிலே நின்று அவர்களைப் பிடித்துக்கொண்டோம். நமக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பேச்சு நடந்தது. ஜார்க்கண்டின் மலைநாட்டுக் கத்தோலிக்கர்கள். 1885-ல் அங்குச் சென்ற லீவென்ஸ் சுவாமியார் காலந்தொட்டு விசுவாசத்தில் ஊன்றிய மக்களின் வழிவந்தவர்கள். ஒருவன் தன் கைபேசியில் ஊர்க் கோவிலின் படத்தைக் காட்டினான். மற்றொருவன் ஊரில் பாடற்குழுவில் மத்தளம் வாசிப்பவன். நம் பாடற்குழுவின் மத்தளமோ வாசிப்பாரின்றி அலமாரிக்குள் கிடந்தது! அன்று முதல் அவனைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். கிறிஸ்து பிறப்பு விழாவில் அவன் அடித்த அடிக்கு நம் சிறுவர்கள் ஆடினர். தாளத்திற்கு மொழி தேவைப்படவில்லை.

இதிலிருந்து நம் பங்குப் பேரவை ஒரு சிறு ஏற்பாடு செய்தது. பெரிய திட்டம் ஒன்றுமில்லை; ஒரு நோட்டுப் புத்தகந்தான். வெளியூரிலிருந்து வந்து நம் எல்லைக்குள் தங்கும் ஒவ்வொருவரின் பெயர், சொந்தப் பங்கு, ஊரிலுள்ள பெற்றோரின் தொலைபேசி எண், இங்குத் தங்கும் இடம் ஆகியவற்றை அவரவர் சம்மதத்தோடு குறித்துக்கொள்கிறோம். அவர் எம்மதத்தவராயினும் குறிக்கிறோம். ஒருமுறை சாரத்திலிருந்து விழுந்து காயமுற்ற ஒடிசா இளைஞன் ஒருவன் மருத்துவமனையில் பேச்சற்றுக் கிடந்தபோது, அவனுடைய அண்ணனுக்குச் செய்தி சொல்ல இப்புத்தகமே உதவிற்று. மூன்றாம் நாள் அண்ணன் வந்து சேர்ந்தான். தம்பி கண் விழித்ததும் கண்ட முகம் அவனுடையது. இச்சிறு செயலை எப்பங்கிலும் செய்யலாம். செலவு பத்து ரூபாய்த் தாளும் ஒரு பேனாவுமே.

பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. துணிமணியும் ஊறுகாயும் கட்டிக் கொடுக்கும்போது ஞானஸ்நானச் சான்றிதழையும் பங்குக் குருவின் கடிதத்தையும் பெட்டியில் வைத்தனுப்புங்கள். எங்குப் போய்ச் சேர்ந்தாலும் முதல் ஞாயிறே அவ்வூர்ப் பங்குக் குருவைக் கண்டு தம் பெயரைச் சொல்லும்படி வற்புறுத்துங்கள். நம் பங்கிலிருந்து செவிலியர் வேலைக்குச் சென்னை சென்ற பெண்ணொருத்தி இவ்வாறே செய்தாள். அப்பங்கின் குடும்பமொன்று அவளுக்குத் தங்குமிடம் தேடித் தந்தது. அவள் காய்ச்சலில் படுத்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் அவளுடைய திருமண அறிவிப்பு அங்கிருந்து வந்து சேர்ந்தது.

நகரங்கள் இன்னும் வளரும். அவற்றைத் தடுத்து நிறுத்த நம்மால் ஆகாது. தடுப்பது நம் வேலையும் அன்று. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுச் சென்றோருக்கு எரேமியாஸ் தீர்க்கதரிசி எழுதியனுப்பிய புத்திமதி, வீடு கட்டி வாழுங்கள், தோட்டம் போடுங்கள், அந்நகரின் நலனுக்காக மன்றாடுங்கள் என்பதே. அங்குப் போனோர்க்கு அது பொருந்தும். வந்தோரை வரவேற்கும் நமக்கோ, அவர்கள் அவ்வாறு வாழ இடங்கொடுப்பது கடமை.

ஜூலை 26-ல் பனிமய மாதாவின் கொடி ஏறியதும் கொழும்பிலும் மும்பையிலும் சென்னையிலும் சிதறி வாழும் நம்மவர் ரயிலேறி வருவர். பத்து நாட்களுக்குத் தூத்துக்குடித் தெருக்களில் இடமிராது. வந்தவர்களைக் கண்டு மகிழுங்கள். வராதவர் எவரென்றும் விசாரியுங்கள். தேவதாயின் பீடத்தருகே தயங்கி நிற்கும் அயலூர் முகம் ஒன்று தென்பட்டால், சற்று நகர்ந்து இடம் விட்டு, "தம்பி, உன் பெயர் என்ன?" என்று கேளுங்கள். மறுநாளும் அப்பெயரை மறவாமல் சொல்லி அழையுங்கள்.